முகமூடிக்காரர்களும் விமரிசகர்களும்

2013-ஆம் வருஷம் பிரான்ஸ் தேசத்தில் கான் நகரத்துத் திரைப்பட விழாவில் தங்கப் பனைப் பரிசு பெற்ற படம் ‘ப்ளூ இஸ் தி வார்மஸ்ட் கலர்’. இரண்டு இளம் பெண்களின் காதலையும் பிரிவையும் மூன்று மணி நேரம் நிதானமாகச் சொல்லும் படம் அது. பரிசுக் குழுவுக்குத் தலைமை வகித்தவர் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க். டைரக்டருக்கு மட்டுமின்றி நடித்த இரண்டு பெண்களுக்கும் சேர்த்தே பரிசைக் கொடுத்தார்கள். பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. அந்தப் படம் ஒரு சித்திரக்கதைப் புத்தகத்திலிருந்து எடுக்கப்பட்டது. ஜூல் மாரோ என்பவர் தாமே எழுதி, தாமே வரைந்து 2010-இல் வெளியிட்ட காமிக்ஸ் புத்தகம் அது.

ஆனால் அதைக் ‘காமிக்ஸ் படம்’ என்று எந்த விமரிசகரும் அழைத்ததாக எனக்கு நினைவில்லை. 2004-இல் அதே கான் விழாவில் இரண்டாம் பரிசான கிராண்ட் ப்ரீயை வாங்கிய ‘ஓல்ட்பாய்’ என்ற கொரியப் படம் ஜப்பானியச் சித்திரக்கதை ஒன்றிலிருந்து பிறந்தது. 2007-இல் ஜூரி பரிசைப் பகிர்ந்துகொண்ட ‘பெர்ஸெபொலிஸ்’, மர்ஜான் சத்ராபி என்ற ஈரானியப் பெண்மணி தம் பிள்ளைப் பிராயத்தைச் சித்திரமாக வரைந்த புத்தகத்தின் நேர் வாரிசு. டேவிட் க்ரோனென்பெர்க் 2005-இல் எடுத்த ‘எ ஹிஸ்டரி ஆஃப் வயலன்ஸ்’ படத்துக்கும் மூலம் காமிக்ஸ்தான். இவற்றுக்கெல்லாம் இல்லாத ஒரு பெயர், ஒருவன் இறுக்கமான கால்சட்டையும் முகமூடியும் போட்டுக்கொண்டு கூரைக்குக் கூரை தாவினால் மட்டும் வந்து ஒட்டிக்கொள்கிறது.

ஆகவே, ‘காமிக்ஸ் படம்’ என்பது பிறந்த வீட்டைச் சொல்லும் பெயர் அல்ல. பந்தியில் யாருக்கு எந்த மூலையில் இலை போடுவது என்று தீர்மானிக்கிற பெயர்.

இந்தப் பந்தி விவகாரம் எனக்குக் கொஞ்சம் பழக்கமானது. வாராவாரம் பத்திரிகைக்குத் தொடர்கதை எழுதிக் காலம் தள்ளுகிறவன் நான். ஒரு கதை சுமாராக அமைந்துவிட்டால், “தொடர்கதைதானே, வேறென்ன எதிர்பார்க்க முடியும்?” என்பார்கள். தப்பித் தவறி நன்றாக அமைந்துவிட்டாலோ, “ஸார், இது தொடர்கதை மாதிரியே இல்லை!” என்று கையைப் பிடித்துக் குலுக்குவார்கள். முதலாவதில் திட்டு நேராக வருகிறது. இரண்டாவதில் பாராட்டுக்குள் ஒளிந்துகொண்டு வருகிறது. மோசமான பிள்ளை என்றால் அந்தக் குலத்தின் குணம். நல்ல பிள்ளை என்றால் அது அந்தக் குலத்தில் பிறந்ததே அல்ல! இப்படித் தீர்ப்பு எழுதி வைத்துக்கொண்டால் அந்தக் குலம் என்றைக்குத்தான் தலை தூக்குவது?

2008-இல் வெளியான ‘தி டார்க் நைட்’ படத்துக்கு வந்த மதிப்புரைகளைப் படித்தபோது அந்தக் கைகுலுக்கல்தான் எனக்கு ஞாபகம் வந்தது. படம் பிரமாதம் என்று அநேகமாக எல்லோரும் சொன்னார்கள். எப்படிப் பிரமாதம்? இது பாட்மேன் படமே அல்ல, ‘ஹீட்’ போன்ற குற்றக் கதை. ஒரு நகரத்தின் துன்பியல். காமிக்ஸைக் கடந்து போய்விட்டது! 2017-இல் ‘லோகன்’ வந்தது. அது காமிக்ஸ் படமே அல்ல, கௌபாய் படம் என்றார்கள். அதில் ஒரு நியாயம் இருந்தது. அந்தப் படத்திலேயே கிழவர் ஒருவரும் ஒரு சிறுமியும் உட்கார்ந்து 1953-ஆம் வருஷத்து ‘ஷேன்’ என்ற கௌபாய் படத்தைத் தொலைக்காட்சியில் பார்க்கிறார்கள். ஆனால் ‘ஷேன்’ வெளியான காலத்தில் கௌபாய் படம் மட்டும் எந்தப் பந்தியில் உட்கார்ந்திருந்தது? அதுவும் கடைசி வரிசையில்தான். இன்றைக்கு ஏழையை உயர்த்துவதற்காக உதாரணம் காட்டப்படும் பணக்காரன், நேற்று அதே தெருவில் பிச்சைப் பாத்திரம் ஏந்தியவன்.

ஹிட்ச்காக் கதையும் இதுதான். திகில் படம் எடுத்துப் பணம் பண்ணுகிற கெட்டிக்காரர் என்பதுதான் ஆங்கிலம் பேசும் தேசங்களில் வெகுகாலம் அவருக்கு இருந்த பெயர். எரிக் ரோமரும் க்ளோத் ஷப்ரோலும் 1957-இல் அவரைப் பற்றிப் பிரெஞ்சு மொழியில் ஒரு தனிப் புத்தகம் எழுதினார்கள். அவர்கள் ஹிட்ச்காக்கைத் திகில் படத்திலிருந்து மீட்டெடுக்கவில்லை. திகில் படத்துக்குள்ளேயே உட்கார்ந்து, குற்றம் ஒருவன் தலையிலிருந்து இன்னொருவன் தலைக்கு எப்படி மாறுகிறது என்று படம் படமாகப் பார்த்தார்கள். விமரிசகன் செய்ய வேண்டிய வேலை அதுதானே?

காமிக்ஸ் விஷயத்தில் அந்த வேலையைத் தொடங்கி வைத்த மனிதர் ஒருவர் உண்டு. அவரைப் பற்றிச் சற்று விவரமாகச் சொல்ல வேண்டும்.

1954-ஆம் வருஷம் அமெரிக்காவில் காமிக்ஸ் புத்தகங்களுக்குப் போதாத காலம். அதற்குச் சில வருஷம் முன்பே, 1948-இல், பிங்காம்டன் முதலிய ஊர்களில் பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டே அவற்றைக் குவித்துக் கொளுத்தியிருந்தார்கள். ஃப்ரெடரிக் வெர்தாம் என்ற மனநோய் வைத்தியர் ‘செடக்‌ஷன் ஆஃப் தி இன்னஸன்ட்’ என்ற புத்தகத்தை அந்த 1954-இல் வெளியிட்டார். பிள்ளைகள் திருடுவதற்கும் கத்தி எடுப்பதற்கும் இந்தப் புத்தகங்களே காரணம் என்பது அவருடைய வாதம். சூப்பர்மேனிடம் பாசிஸ்டு மனப்பான்மையைக் கண்டார். பாட்மேனும் ராபினும் ஒரே வீட்டில் இருப்பதில் வேறொன்றைக் கண்டார். ஏப்ரல் மாதம் செனட் சபையின் உட்குழு நியூயார்க்கில் கூடி விசாரித்தது. அவர் சாட்சி சொன்னார். வருஷக் கடைசிக்குள் பதிப்பாளர்கள் பயந்துபோய்த் தாங்களே ஒரு தணிக்கை விதியை ஏற்படுத்திக் கொண்டார்கள். அந்த முத்திரை 2011 வரையில் உயிரோடு இருந்தது.

வெர்தாமைக் கொடியவர் என்று நினைக்கக் கூடாது. நியூயார்க்கில் கறுப்பர்கள் வாழும் ஹார்லெம் பகுதியில், மிகக் குறைந்த கட்டணத்துக்கு மனநோய் வைத்தியம் செய்ய 1946-இல் ஒரு விடுதி திறந்தவர் அவர். வெள்ளைக்குத் தனி, கறுப்புக்குத் தனி என்று பள்ளிக்கூடங்களைப் பிரிப்பது பிள்ளைகளின் மனத்தைக் கெடுக்கிறது என்று டெலவேர் மாகாண வழக்கில் சாட்சி சொன்னவர். நல்ல மனிதர், பிள்ளைகள் மேல் உண்மையான அக்கறை கொண்டவர். ஆனால் அவருடைய காகிதங்கள் வாஷிங்டன் காங்கிரஸ் நூலகத்தில் 2010-இல் திறக்கப்பட்ட பிறகு, கரோல் டில்லி என்ற பேராசிரியை அவற்றைப் புரட்டிப் பார்த்து 2012-இல் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினார். வைத்தியர் பிள்ளைகளின் வாக்குமூலங்களை வெட்டியும் ஒட்டியும் தம் வாதத்துக்கு ஏற்றபடி மாற்றியிருந்தார் என்று அதில் காட்டினார். நல்லெண்ணம் இருந்துவிட்டால் நாணயம் தானாக வந்துவிடும் என்று யார் சொன்னார்கள்?

அந்த 1954-ஆம் வருஷத்திலேயே, வெர்தாமின் புத்தகத்தைப் பற்றி ‘காமென்டரி’ பத்திரிகையில் ராபர்ட் வார்ஷோ ஒரு கட்டுரை எழுதினார். வார்ஷோ ஒரு பட விமரிசகர். கொள்ளைக்காரப் படத்தைப் பற்றி 1948-இலும், கௌபாய் படத்தைப் பற்றி 1954-இலும் அவர் எழுதிய கட்டுரைகளைத்தான் இன்றைக்கும் அமெரிக்கக் கல்லூரிகளில் மாணவர்கள் படிக்கிறார்கள். அவருடைய மகன் பாலுக்கு அப்போது பதினோரு வயது. பையன் திகில் காமிக்ஸ் வெளியிட்ட ஈ.சி. கம்பெனியின் ரசிகர் சங்கத்தில் அங்கத்தினன்! தகப்பனார் என்ன செய்தார்? புத்தகங்களைப் பிடுங்கி எறியவில்லை. “குழந்தையின் கற்பனா சக்தி வளர்கிறது” என்று பெருமையடித்துக் கொள்ளவும் இல்லை. உட்கார்ந்து அவற்றைப் படித்தார். அவருக்கு அவை பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்றே எழுதினார். அதே சமயம் அவற்றில் இருக்கும் ஒருவித முரட்டு நகைச்சுவையையும் பார்த்தார், பதிப்பாளரின் கெட்டிக்காரத்தனத்தையும் பார்த்தார், வைத்தியரின் வாதம் எங்கெங்கே ஓட்டை என்பதையும் பார்த்தார். பையன் இவற்றைப் படிக்காமல் இருந்தால் தேவலை என்ற கவலையையும், வைத்தியர் சொல்வது சரியல்ல என்ற அபிப்பிராயத்தையும் ஒரே கட்டுரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இரண்டையும் சமாதானம் செய்து வைக்க அவர் முயலவே இல்லை.

அடுத்த வருஷமே, 1955-இல், முப்பத்தேழாவது வயதில் வார்ஷோ இறந்து போனார். அவர் கட்டுரைகள் 1962-இல்தான் புத்தகமாக வந்தன. பிடிக்காத ஒன்றைக் கடைசிப் பக்கம் வரையில் படித்துவிட்டுப் பேசுவது என்ற அவருடைய வழக்கத்தைப் பின்னால் வந்தவர்களில் எத்தனை பேர் எடுத்துக்கொண்டார்கள் என்பதுதான் கேள்வி.

அதிகம் பேர் இல்லை. 1966-இல் தொலைக்காட்சியில் வந்த ‘பாட்மேன்’ தொடரில் குத்து விழும்போதெல்லாம் திரையில் ‘பௌ!’, ‘பாம்!’ என்று கொட்டை எழுத்துக்கள் வெடிக்கும். அது கேலிக்காகச் செய்த காரியம், நன்றாகவே செய்தார்கள். ஆனால் அதற்குப் பிறகு முப்பது நாற்பது வருஷ காலம், காமிக்ஸ் பற்றி எது எழுத வந்தாலும் பத்திரிகைக்காரர்கள் அந்த ‘பாம், பௌ’வையே தலைப்பில் போட்டு, ‘காமிக்ஸ் இனி குழந்தைகளுக்கு மட்டும் அல்ல’ என்று கண்டுபிடித்தார்கள். ஒரே அமெரிக்காவை வருஷா வருஷம் கண்டுபிடித்துக் கொண்டிருந்தால் கொலம்பஸுக்கே அலுத்துப் போயிருக்கும்.

விதிவிலக்கு என்று சொல்லத் தக்கவர் சிகாகோவின் ரோஜர் ஈபர்ட். 1975-இல் சினிமா விமரிசனத்துக்காக முதன்முதலாகப் புலிட்ஸர் பரிசு வாங்கியவர். பையனாக இருந்த நாளில் விஞ்ஞானக் கற்பனைக் கதை ரசிகர்கள் நடத்திய கையெழுத்து, உருட்டச்சுப் பத்திரிகைகளுக்கெல்லாம் எழுதியவர் அவர். ஆகையால் முகமூடிக்காரனைக் கண்டால் மூக்கைப் பொத்திக்கொள்ளும் பழக்கம் அவருக்கு இல்லை. கிறிஸ்டபர் ரீவ் நடித்த 1978-ஆம் வருஷத்து ‘சூப்பர்மேன்’ படத்துக்கு நாலு நட்சத்திரம் கொடுத்தார். 1989-இல் ஊரே திரண்டு போய்ப் பார்த்த டிம் பர்ட்டனின் ‘பாட்மேன்’ படத்துக்கு இரண்டுதான் கொடுத்தார். ஜோடனை அபாரம், கதை இல்லை என்பது அவருடைய தீர்ப்பு. அந்தத் தீர்ப்பை நான் ஒப்புக்கொள்ளவில்லை. அந்தப் படத்தில் கோதம் நகரத்தின் ஜோடனைதான் கதை. ஆனால் சண்டை போடுவதற்கு எனக்கு ஒரு இடம் கொடுத்தாரே, அதற்காக அவருக்கு வந்தனம்.

2002-இல் ஸாம் ரெய்மியின் ‘ஸ்பைடர்மேன்’ வந்தது. வசூல் கொட்டியது. ஈபர்ட்டின் புகார் என்ன தெரியுமா? கட்டடத்துக்குக் கட்டடம் தாவும் அந்தப் பையனின் உடம்புக்குக் கனமே இல்லை என்றார். கம்ப்யூட்டர் வரைந்த பொம்மை, விழுந்தாலும் அடிபடாது என்று கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது என்றார். எவ்வளவு சிறிய விஷயம்! ஆனால் படத்தைப் பார்த்தவன்தான் இதைச் சொல்ல முடியும். ‘குழந்தைகள் ரசிப்பார்கள்’ என்றோ, ‘இன்றைய கலாசாரத்தின் வீழ்ச்சி’ என்றோ எழுதுவதற்குத் தியேட்டருக்கே போக வேண்டாம்.

இரண்டே வருஷத்தில், 2004-இல், இரண்டாம் பாகம் வந்தது. அதற்கு அவர் நாலு நட்சத்திரம் போட்டார். இதில் அந்தப் பையனுக்குக் கனம் வந்துவிட்டது. படம் ஆரம்பிக்கும்போதே அவன் பீட்ஸா கொண்டுபோய்க் கொடுக்கிற வேலையில் இருக்கிறான். நேரத்துக்குப் போய்ச் சேர முடியாமல் அந்த வேலையும் போய்விடுகிறது. வீட்டுக்காரன் வாடகை கேட்டு நிற்கிறான். அத்தையின் வீட்டை பாங்கு எடுத்துக்கொள்ளப் போகிறது. நடுவில் ஒரு ரயில் காட்சி. தறிகெட்டு ஓடும் ரயிலை அவன் தன் உடம்பைக் கொடுத்து நிறுத்துகிறான். முகமூடி கிழிந்து போய்விட்டது. மூர்ச்சை போட்டு விழுகிறான். பிரயாணிகள் அவனைத் தலைக்கு மேலே கைமாற்றிக் கைமாற்றி உள்ளே கொண்டுவந்து கிடத்துகிறார்கள். முகத்தைப் பார்க்கிறார்கள். சின்னப் பையன்! தங்கள் வீட்டுப் பிள்ளை வயசு. இரண்டு சிறுவர்கள் அவனுடைய முகமூடியைத் திருப்பிக் கொடுத்து, யாரிடமும் சொல்ல மாட்டோம் என்கிறார்கள்.

தொடர்கதை எழுதுகிறவனுக்கு இந்தக் காட்சி ஒரு பாடம். கடைசி அத்தியாயத்துக்கு முன்னால் கதாநாயகன் சாக மாட்டான் என்பது எந்தத் தொடர்கதை வாசகருக்கும் தெரியும். அதனால் உயிருக்கு ஆபத்து என்று வாராவாரம் பூச்சாண்டி காட்டிப் பிரயோஜனம் இல்லை. ஆபத்தை வேறு இடத்தில் வைக்க வேண்டும். மானத்தில் வைக்கலாம், கடனில் வைக்கலாம், சொல்லக் கூடாத ஒரு வார்த்தையைச் சொல்லிவிடுவதில் வைக்கலாம். ஸ்பைடர்மேன் சாக மாட்டான். ஆனால் வாடகை கொடுக்க முடியாமல் போகலாம், முகம் வெளிப்பட்டுப் போகலாம். ரெய்மிக்கு இது தெரிந்திருந்தது.

இதற்கு நேர் எதிராக 2018-இல் வந்த ‘அவெஞ்சர்ஸ்: இன்ஃபினிட்டி வார்’ படத்தின் முடிவைச் சொல்வேன். வில்லன் விரலைச் சொடுக்குகிறான். பாதிப் பேர் சாம்பலாகிக் காற்றில் கரைகிறார்கள், ஸ்பைடர்மேனும் கரைகிறான். நடித்த பையன் நன்றாகவே நடித்தான். ஆனால் அடுத்த வருஷம் ஜூலை மாதம் அந்த ஸ்பைடர்மேனின் அடுத்த படம் வரப்போகிறது என்று கம்பெனி எப்போதோ தேதி போட்டு அறிவித்தாகிவிட்டதே! அழுவதற்குக் கைக்குட்டையை எடுத்தவன் காலண்டரைப் பார்த்துவிட்டு மடித்து வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

2019-இல் மார்ட்டின் ஸ்கார்ஸேஸி இந்த மார்வெல் படங்களெல்லாம் சினிமாவே அல்ல, ராட்டினமும் பொம்மையும் நிறைந்த கேளிக்கைப் பூங்கா என்று ஒரு பேட்டியில் சொன்னார். பூகம்பம் கிளம்பிற்று. நவம்பரில் ‘நியூயார்க் டைம்ஸ்’ பத்திரிகையில் தம் கருத்தை விளக்கி எழுதினார். அந்தப் படங்களில் எதுவும் பணயம் வைக்கப்படவில்லை என்பது ஒரு பாதி. மேலே நான் சொன்ன சாம்பலும் காலண்டரும் அவர் கட்சிக்குச் சாட்சி. இன்னொரு பாதி, தியேட்டர்களைப் பற்றியது. ஊரில் உள்ள திரைகளையெல்லாம் இந்தப் படங்களே பிடித்துக்கொண்டால் மற்றவன் படத்தை எங்கே போடுவான் என்று கேட்டார். அவருடைய ‘தி ஐரிஷ்மேன்’ படமே அந்த வருஷம் சில தியேட்டர்களில் சில வாரம் தலைகாட்டிவிட்டு வீட்டுத் திரைக்குப் போயிற்று. அதே 2019-இல் ‘அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்’ உலகெங்கும் ஏறக்குறைய 280 கோடி டாலர் வசூலித்தது. விவாதம் செய்தவர்கள் ‘சினிமாவே அல்ல’ என்ற வசையைப் பிடித்துக்கொண்டு மாதக் கணக்கில் மல்லுக்கு நின்றார்கள். தியேட்டர் கணக்கைப் பற்றிப் பேசியவர் சொற்பம்.

பெரியவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அவர் ஒரு முழு ஜாதியையே ஒரே வாக்கியத்தில் தள்ளிவைத்தது எனக்குச் சம்மதமில்லை. தவிர, வேடிக்கை ஒன்று நடந்தது. அவர் பேட்டி கொடுத்த அதே பருவத்தில் ‘ஜோக்கர்’ வெளியாயிற்று. அவருடைய ‘டாக்ஸி டிரைவர்’, ‘தி கிங் ஆஃப் காமெடி’ இரண்டையும் கரைத்துக் குடித்துவிட்டு எடுத்த படம். அவருடைய ராபர்ட் டி நீரோவையே அழைத்து நடிக்க வைத்த படம். வெனிஸ் விழாவில் தங்கச் சிங்கம் வாங்கிற்று. என் கணக்கில், பாட்மேன் படங்களில் இதைவிடக் கனமான வேஷம் போட்ட இலேசான படம் வேறு இல்லை. சோகமாக முகத்தை வைத்துக்கொண்டால் விமரிசகர்கள் எழுந்து நின்று வழிவிடுகிறார்கள், அவ்வளவுதான். பௌலின் கேல் அம்மையார் 1969-இலேயே, மட்டமான சினிமாவை மட்டம் என்று தெரிந்தே சந்தோஷமாக ரசிக்கலாம், ஆனால் அதற்குக் கலை என்று பட்டுப் புடைவை சுற்றாதே என்ற கருத்தில் நீண்ட கட்டுரை எழுதினார். ‘ஜோக்கர்’ வந்தபோது அவர் உயிரோடு இல்லாமல் போனது யாருடைய நல்ல காலமோ!

இனி விமரிசகர்களின் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். அவர்கள் பட்ட பாடும் கொஞ்சமல்ல.

2012 ஜூலையில் ‘தி டார்க் நைட் ரைஸஸ்’ வெளியாவதற்குச் சில நாள் முன்பு மார்ஷல் ஃபைன் என்ற விமரிசகர் படம் அவ்வளவு நன்றாக இல்லை என்று எழுதினார். ராட்டன் டொமேட்டோஸ் என்ற இணையதளத்தில் அந்த மதிப்புரைக்குக் கீழே ரசிகர்கள் கொட்டிய வசையும், கொன்றுவிடுவோம் என்ற மிரட்டலும் தாங்க முடியாமல், அந்தப் படத்துக்குக் கருத்து எழுதும் பகுதியையே மூடிவிட்டார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், திட்டியவர்களில் அநேகமாக ஒருவரும் அப்போது படத்தைப் பார்த்திருக்க முடியாது. படம் இன்னும் வெளியாகவே இல்லையே! பார்க்காமலே இகழ்கிற விமரிசகனுக்குப் பார்க்காமலே புகழ்கிற ரசிகன் சரியான ஜோடி. அதே 2012-இல் ‘தி அவெஞ்சர்ஸ்’ படத்தைப் பற்றி ‘நியூயார்க் டைம்ஸ்’ விமரிசகர் ஏ. ஓ. ஸ்காட் பாதி பாராட்டும் பாதி குறையுமாக எழுத, அதில் நடித்த ஸாமுவேல் ஜாக்ஸன் இவருக்கு வேறு வேலை தேடிக் கொடுக்க வேண்டும் என்று ட்விட்டரில் அறிவித்தார். ஸ்காட் நிதானமான மனிதர். அந்தச் சம்பவத்தையே வைத்து, விமரிசனம் எதற்கு என்று 2016-இல் ஒரு புத்தகம் எழுதிவிட்டார்.

மிரட்டல் ரசிகர்களிடமிருந்து மட்டும் வரவில்லை. 2017-இல் ‘லாஸ் ஏஞ்ஜலீஸ் டைம்ஸ்’ பத்திரிகை, டிஸ்னி கம்பெனிக்கும் அனஹைம் நகரசபைக்கும் இருந்த கொடுக்கல் வாங்கலைப் பற்றித் துப்புத் துலக்கி எழுதிற்று. கம்பெனி உடனே அந்தப் பத்திரிகையின் பட விமரிசகர்களுக்கு முன்காட்சி கிடையாது என்று கதவைச் சாத்தியது. நகரசபை விவகாரத்தை எழுதியவர் வேறு, படம் பார்க்கிறவர் வேறு. தண்டனை மட்டும் பின்னவருக்கு! அப்போது நியூயார்க், லாஸ் ஏஞ்ஜலீஸ், பாஸ்டன் விமரிசகர் சங்கங்களும் தேசிய விமரிசகர் சங்கமும் சேர்ந்து, தடை நீங்கும் வரையில் டிஸ்னி படம் எதற்கும் எங்கள் பரிசு கிடையாது என்று அறிக்கை விட்டன. அறிக்கை வந்த அன்றே கதவு திறந்தது. முதுகெலும்பு இருந்தால் அதற்குப் பலன் உண்டு என்று அந்த ஒரு நாள் தெரிந்தது.

ஆனால் மற்ற நாட்களில்? பத்திரிகைகள் ஒன்றன் பின் ஒன்றாக விமரிசகர்களை வீட்டுக்கு அனுப்பிய காலம் அது. மிஞ்சியவர்கள் ஒரு தந்திரம் கற்றுக்கொண்டார்கள். அதற்குப் பெயர் ‘பரவாயில்லை’. அந்தத் தந்திரத்துக்கு ஏற்றாற்போல் அமைந்திருக்கிறது ராட்டன் டொமேட்டோஸின் கணக்கு. 1998-இல் தொடங்கிய அந்தத் தளம், ஒரு படத்தை நூற்றுக்கு எத்தனை விமரிசகர்கள் ‘நன்று’ பக்கத்தில் நிறுத்தினார்கள் என்று எண்ணிச் சொல்கிறது. அறுபது பேர் நிறுத்தினால் நல்ல தக்காளி, குறைந்தால் அழுகல். எவ்வளவு நன்று என்பது அந்த எண்ணில் வராது. நூறு பேரிடம் ஒரு ஹோட்டல் சாம்பாரைக் கொடுத்து, தொண்ணூற்றைந்து பேர் “பரவாயில்லை, விழுங்கலாம்” என்று சொன்னால், வாசலில் ‘95 மார்க் சாம்பார்’ என்று போர்டு மாட்டலாம் அல்லவா? அறுபது பேர் கண்ணீர் விட்டு ரசித்து, நாற்பது பேர் இலையைத் தூக்கி எறிந்த சாம்பாருக்கு அறுபது மார்க்தான்! யாருக்கும் மனத்தாங்கல் வராதபடி சமைத்த படங்கள் இந்தக் கணக்கில் வரிசையாக முதல் வகுப்பில் தேறின.

2016-இல் ‘பாட்மேன் வெர்ஸஸ் சூப்பர்மேன்’ முப்பது மார்க் கூட வாங்கவில்லை. விமரிசகர்கள் போட்டிக் கம்பெனியிடம் கைநீட்டிவிட்டார்கள் என்றெல்லாம் ரசிகர்கள் வதந்தி கிளப்பினார்கள். அந்தப் படம் அமெரிக்காவில் முதல் மூன்று நாளில் 16 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. அடுத்த வாரமே வசூல் மளமளவென்று சரிந்தது. விமரிசகர் சொன்னதையே ஜனங்களும் ஒரு வாரம் கழித்துச் சொன்னார்கள். 2023-இல் ‘தி மார்வெல்ஸ்’ வசூலில் படுத்த காலத்தில், அதுவரையில் பரவாயில்லை பாடிய பல பேனாக்கள் திடீரென்று வீரத்துடன் சீறின. ஆள் விழுந்த பிறகு மிதிக்கிறதற்கு முகமூடி கூடத் தேவையில்லை.

ஏளனமாவது பரவாயில்லை என்பேன் நான். ஏளனம் செய்கிறவனோடு வாதாடலாம். தலையை ஆட்டிவிட்டு நகர்ந்து போகிறவனோடு என்ன செய்வது?

நஷ்டம் யாருக்கு என்று கேட்டால் இரண்டு படங்களைச் சொல்வேன். 2003-இல் ஆங் லீ எடுத்த ‘ஹல்க்’. காமிக்ஸ் பக்கத்தில் கட்டம் கட்டமாகச் சித்திரம் இருக்கும்; ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் நடுவில் உள்ள வெள்ளை இடைவெளியில் என்ன நடந்தது என்பதை வாசகன்தான் மனத்தில் இட்டு நிரப்ப வேண்டும். அந்தக் கலையின் உயிரே அந்த இடைவெளியில் இருக்கிறது என்று ஸ்காட் மக்ளௌட் 1993-இல் ஒரு காமிக்ஸ் புத்தகமாகவே எழுதிக் காட்டினார். ஆங் லீ திரையையே கட்டங்களாகப் பிரித்தார். ஒரே சமயத்தில் ஒரு கட்டத்தில் தகப்பன் முகம், ஒரு கட்டத்தில் மகன் முகம், ஒன்று நகர்ந்து மற்றொன்றைத் தள்ளுகிறது. சில இடங்களில் அது கண்ணைக் கரிக்கிறது. சில இடங்களில் தகப்பனும் மகனும் ஒரே அறையில் இருந்தும் வேறு வேறு கூண்டில் இருக்கிறார்கள் என்று ஒரு வார்த்தை இல்லாமல் சொல்லிவிடுகிறது. இந்த ‘சில இடங்களில்’ எவை என்று பிரித்துச் சொல்ல விமரிசகர்கள் உட்கார்ந்திருந்தால், அடுத்து வருகிற டைரக்டருக்கு ஒரு வழி தெரிந்திருக்கும். மந்தமான படம் என்று முடித்துவிட்டார்கள். 2008-இல் வேறு ஆட்கள் ஹல்க்கை மறுபடி எடுத்தபோது கட்டமும் இல்லை, இடைவெளியும் இல்லை. உதை மட்டும் இருந்தது.

மற்றொன்று 2018-இல் வந்த ‘ஸ்பைடர்மேன்: இன்டு தி ஸ்பைடர்வெர்ஸ்’. சித்திரப் படம், ஆஸ்கார் பரிசும் வாங்கியது. எல்லோரும் புகழ்ந்தார்கள்; நிறம் அழகு, வேகம் அழகு என்றார்கள். புரூக்ளினில் மைல்ஸ் மொராலெஸ் என்ற பள்ளிக்கூடத்துப் பையனைச் சிலந்தி கடிக்கிறது. கடித்த பிறகுதான், மறுநாள் காலையில், அவன் மனத்தில் நினைப்பதெல்லாம் காமிக்ஸ் புத்தகத்தில் போல மஞ்சள் கட்டத்துக்குள் எழுத்தாகத் திரையில் தோன்ற ஆரம்பிக்கிறது. பையன் திடுக்கிடுகிறான்: தன் மனத்தின் குரல் ஏன் இவ்வளவு உரக்கக் கேட்கிறது? அவன் காட்டுக்குள் தாவக் கற்றுக்கொள்ளும் இடத்தில், அனுபவசாலியான மூத்த ஸ்பைடர்மேனின் அசைவு ஒவ்வொரு ஃபிரேமுக்கும் மாறுகிறது. மைல்ஸின் அசைவோ இரண்டு ஃபிரேமுக்கு ஒரு முறைதான் மாறுகிறது. அதனால் அவன் தட்டுத் தடுமாறுவது போல் இருக்கிறது. வேண்டுமென்றே அப்படி வரைந்திருக்கிறார்கள்.

நான் அந்தப் படத்துக்கு வந்த மதிப்புரைகளைத் தேடித் தேடிப் படித்தேன். இந்த இரண்டு ஃபிரேம் விஷயத்தைப் படம் வரைந்தவர்கள் பேட்டிகளில் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். மஞ்சள் கட்டம் ஏன் கடிபட்ட பிறகு வருகிறது என்று கேட்ட ஒரு மதிப்புரை இன்னும் என் கண்ணில் படவில்லை.